பல்கலைக்கழகப் புறநகரும் கடைசிப் பேருந்தும்

பல்கலைக்கழகம் ஒன்றைச் சுற்றி எழும் குடியிருப்பு, அதன் கட்டடங்களின் பெருமையாலோ அங்குப் படிப்போரின் தொகையாலோ உயிருள்ள ஊராகிவிடுவதில்லை. மாலை வகுப்புகள் முடிந்த பிறகும் அங்கே தங்கி உண்டு உறங்குவோர் எத்தனை பேர், அவர்கள் வேண்டிய நேரத்தில் வெளியே சென்று திரும்ப வழியுண்டா என்னும் இரண்டையும் பொறுத்தே அது ஊராகவோ வெறும் வளாகமாகவோ அமைகிறது. இக்கருத்தை மாரியூரில் வைத்துப் பேசுவது பொருந்தாது என்று சிலருக்குத் தோன்றலாம். சாயல்குடிக்குத் தெற்கே மன்னார் வளைகுடாவின் கரையில், பூவேந்தியநாதர் கோயிலையும், சித்திரைத் திருவிழாவில் நிகழ்த்திக் காட்டப்படும் வலைவீசும் படலத்தையும், வாலிநோக்கம் பக்கம் விரியும் உப்பளங்களையும் தன் அடையாளமாகக் கொண்ட இவ்வூரில் பல்கலைக்கழகமும் இல்லை, இரயில் நிலையமும் இல்லை. ஆனால் மீனவர், உப்பளத் தொழிலாளர், பனைத் தொழிலாளர் ஆகியோரின் பிள்ளைகள் பட்டப்படிப்புக்கும் அதற்கு மேலும் செல்ல விரும்பினால், ஏதேனும் ஒரு பல்கலைக்கழகப் புறநகரில் மூன்று ஆண்டோ ஐந்து ஆண்டோ குடியிருந்தே ஆக வேண்டியுள்ளது. அப்புறநகர்களைக் கட்டியவர்கள் இப்பிள்ளைகளை மனத்தில் வைத்துக் கட்டியதில்லை. ஆகவே அவற்றின் நிறைகுறைகளைக் கேட்கும் உரிமை பிற ஊர்களைக் காட்டிலும் இத்தகைய ஊர்களுக்கே கூடுதலாக உண்டு.

புறநகர் என்பது நகரத்தின் விளிம்பில் அமைந்து, வேலைக்கும் பெருஞ்சந்தைக்கும் நகரத்தையே நம்பியிருந்தாலும், தனக்கெனக் கடைத்தெருவும் பள்ளியும் வழிபாட்டிடமும் கொண்ட குடியிருப்பைக் குறிக்கும். சாதாரணப் புறநகரில் காலையில் மக்கள் நகரத்தை நோக்கிச் செல்வர், மாலையில் திரும்புவர். பேருந்து ஒரு திசையில் நிரம்பி வழிந்து மறுதிசையில் காலியாக ஓடும். பல்கலைக்கழகப் புறநகரிலோ நகரத்து மாணவர்கள் உள்ளே வரும் அதே வேளையில் புறநகர்வாசிகள் வெளியே வேலைக்குச் செல்வதால் இரு திசையிலும் இருக்கைகள் நிரம்புகின்றன. போக்குவரத்து நடத்துவோருக்கு இதைவிட நல்ல தடம் வேறில்லை. அந்நிலையிலும் தமிழ்நாட்டின் பல வளாகங்களில் பேருந்துக்குக் காத்திருப்போர் கூட்டம் குறையாமல் இருப்பது திட்டமிடுதலின் குறையையே காட்டுகிறது. பயணியர் குறைவு என்னும் சமாதானம் இங்கே எடுபடாது.

இந்தியாவில் இத்தகைய புறநகர் தோன்றுவதற்கே நெடுங்காலம் பிடித்தது. 1857-இல் கல்கத்தா, பம்பாய், சென்னை ஆகிய மூன்றிடங்களில் நிறுவப்பட்ட பல்கலைக்கழகங்கள் இலண்டனை முன்மாதிரியாகக் கொண்டவை. பாடத்திட்டம் வகுத்தல், தேர்வு நடத்துதல், பட்டம் வழங்குதல் ஆகியவையே அவற்றின் தொடக்ககாலப் பணி, கற்பித்தல் முழுவதும் பல ஊர்களில் சிதறிக் கிடந்த கல்லூரிகளின் பொறுப்பு. இவ்வமைப்பை இணைவுப் பல்கலைக்கழகம் என்பர். பல்கலைக்கழகம் என்பதே ஓர் அலுவலகமாக இருந்தபோது அதைச் சுற்றி ஒரு குடியிருப்பு எழ வாய்ப்பில்லை. ஆசிரியரும் மாணவரும் ஒரே வளாகத்தில் தங்கிக் கற்கும் உறைவிடப் பல்கலைக்கழகம் என்னும் வடிவம் தமிழகத்தில் முழுமையாகத் தோன்றியது சிதம்பரத்தில்தான்.

1920-இல் அங்கே மீனாட்சி கல்லூரியைத் தொடங்கிய அண்ணாமலைச் செட்டியார், 1929-இல் அதைச் சூழ்ந்த கல்வி நிறுவனங்களையும் பெருநிதியையும் கொடுத்து அண்ணாமலைப் பல்கலைக்கழகத்தை உருவாக்கினார். அதற்குத் தேர்ந்தெடுக்கப்பட்ட இடம் கவனிக்கத்தக்கது. சிதம்பரம் ஒரு பழைய கோயில் நகரம். அதன் கிழக்கே பத்தொன்பதாம் நூற்றாண்டிலேயே வந்துவிட்ட இரயில் பாதை. அப்பாதைக்கு அப்பால் பல்கலைக்கழகம். இரயிலிலிருந்து இறங்கும் மாணவன் பெட்டியைத் தூக்கிக்கொண்டு நடந்தே விடுதி சேரலாம், நகரத்தில் பொருள் வாங்கிக்கொண்டு நடந்தே திரும்பலாம். சென்னைக்கும் தஞ்சைக்கும் ஒரே தடத்தில் இணைப்பு இருந்ததால் தொலைமாவட்ட மாணவர்களும் ஆசிரியர்களும் வந்து குடியேறினர். விடுதிகள், ஆசிரியர் குடியிருப்புகள், அஞ்சலகம், கடைகள் என்று வளர்ந்த அவ்விடம் அண்ணாமலைநகர் என்னும் பெயரில் தனிப் பேரூராட்சியாகவே ஆயிற்று. ஒரு பல்கலைக்கழகம் தனக்கென ஓர் உள்ளாட்சி அமைப்பைப் பெற்றெடுத்த அரிய நிகழ்வு அது.

அண்ணாமலைநகரின் வெற்றியில் கொடையின் அளவைப் பற்றியே பலரும் பேசுவர். கொடை இல்லாமல் எதுவும் நடந்திராது என்பது உண்மையே. ஆயினும் அதே கொடையை நிலம் மலிவாகக் கிடைக்கும் ஏதோ ஒரு பொட்டலில் கொட்டியிருந்தால் நல்ல கட்டடங்கள் கிடைத்திருக்கும், ஊர் கிடைத்திருக்காது. முன்பே இருந்த நிலையத்துக்கும் முன்பே இருந்த கடைத்தெருவுக்கும் பக்கத்தில் புதியதை வைத்த முடிவே அங்கே பாதி வேலையைச் செய்தது. அவ்வூரின் பலவீனமும் இதே கதையில் அடங்கியுள்ளது. ஒரே நிறுவனத்தின் ஊதியத்தை நம்பிய ஊர், அந்நிறுவனம் தளர்ந்தால் தானும் தளரும். நிதி நெருக்கடியைத் தொடர்ந்து 2013-ஆம் ஆண்டுச் சட்டத்தின் வழியே பல்கலைக்கழகத்தைத் தமிழ்நாடு அரசு ஏற்றுக்கொண்டபோது, மிகுதியாக இருந்த ஊழியர்களும் ஆசிரியர்களும் பெருந்தொகையில் பிற அரசுத் துறைகளுக்கும் கல்லூரிகளுக்கும் பணி மாற்றப்பட்டனர். குடும்பத்தோடு வாழ்ந்தவர்கள் வெளியேறினால் வாடகை வீடும் மளிகைக் கடையும் தொடக்கப்பள்ளியும் சேர்ந்தே ஆட்டங்காணும் என்பதை விளக்கத் தேவையில்லை. பாதையும் சில ஆண்டுகள் அற்றுப்போனது: மீட்டர் பாதையை அகலப் பாதையாக்கும் பணிக்காக நிறுத்தப்பட்ட இரயில்கள் 2010-இல்தான் மீண்டும் ஓடத் தொடங்கின. இடைப்பட்ட காலத்தில் பேருந்தே அவ்வூரைத் தாங்கிற்று.

இரயிலுக்கும் கல்விக்கும் உள்ள உறவை இன்னும் தெளிவாகக் காட்டுவது சென்னையின் தென்புறம். சென்னைக் கடற்கரையிலிருந்து தாம்பரம் வரை மின்சார இரயில் 1931-இல் ஓடத் தொடங்கியது. அதற்கு ஆறு ஆண்டுகளுக்குப் பிறகு, நகரத்தின் நெரிசல் மிகுந்த பாரிமுனைப் பகுதியில் நெடுங்காலம் இயங்கிய சென்னைக் கிறித்தவக் கல்லூரி, 1937-இல் தாம்பரத்தின் காட்டு நிலத்துக்குக் குடிபெயர்ந்தது. மரங்கள் அடர்ந்த விரிந்த வளாகம், சேலையூர், செயின்ட் தாமஸ், பிஷப் ஹீபர் என்னும் பெயர்களில் அமைந்த விடுதிகள், ஆசிரியர் குடியிருப்புகள் ஆகியவை ஒருபுறம் இருக்க, தண்டவாளத்துக்கு அப்பால் நடந்து சென்றால் நகரத்துக்குச் செல்லும் வண்டி. மின்சார இரயில் இல்லாதிருந்தால் அக்கல்லூரி அவ்வளவு தொலைவு துணிந்து சென்றிருக்குமா என்பது ஐயமே. நிலம் வாங்கியாயிற்று, இனிப் பேருந்து கேட்டு மனுப் போடலாம் என்னும் பிற்கால நடைமுறைக்கு நேர்மாறாக, இங்கே பாதை முன்னே வந்தது, கல்லூரி பின்னே வந்தது.

தாம்பரத்துக்கு வடக்கே அதே பாதையில் குரோம்பேட்டை. 1949-இல் அங்கே தொடங்கப்பட்டு 1978-இல் அண்ணா பல்கலைக்கழகத்தோடு இணைந்த எம்.ஐ.டி. என்னும் சென்னைத் தொழில்நுட்ப நிறுவனத்துக்கு இராமேசுவரக் கடற்கரையோடு ஓர் உறவு உண்டு. மின்சார இரயில் ஓடத் தொடங்கிய அதே 1931-இல் இராமேசுவரத்தில் பிறந்த ஆ. ப. ஜெ. அப்துல் கலாம், இராமநாதபுரத்து சுவார்ட்ஸ் பள்ளியிலும் திருச்சி தூய வளனார் கல்லூரியிலும் பயின்ற பிறகு வானூர்திப் பொறியியல் கற்கச் சென்றது இங்கேதான். சேர்க்கைக்கான பணத்துக்காக அவருடைய தமக்கை நகைகளை அடகு வைத்ததை அவரே தம் தன்வரலாற்றில் பதிவு செய்துள்ளார். அந்நிகழ்வு தியாகத்தின் கதையாக மேடைகளில் பலமுறை சொல்லப்பட்டுவிட்டது. அதில் மறைந்து நிற்கும் வேறொரு செய்தி எளிதில் கண்ணில் படுவதில்லை: தீவிலிருந்து ஓர் இளைஞன் பள்ளிக்கு ஓர் ஊர், கல்லூரிக்கு ஓர் ஊர், தொழிற்கல்விக்கு ஓர் ஊர் என்று மூன்று முறை வீடு பெயர வேண்டியிருந்தது, அம்மூன்று ஊர்களும் இரயில் தடத்தின் மேல் இருந்தன. பாம்பன் பாலம் 1914-இலேயே திறக்கப்பட்டிராவிட்டால் அந்தப் பயணத்தின் முதல் அடியே கடினமாகியிருக்கும்.

போக்குவரத்து இணைப்பு நன்றாக உள்ளது என்று வீட்டுமனை விளம்பரங்கள் சொல்லும்போது அவை குறிப்பது தொலைவை: நிலையத்துக்கு இத்தனை கிலோமீட்டர், நெடுஞ்சாலைக்கு இத்தனை நிமிடம். குடியிருப்பவருக்குத் தொலைவைக் காட்டிலும் முக்கியமானது இடைவெளி, அதாவது ஒரு வண்டி சென்றதற்கும் அடுத்த வண்டி வருவதற்கும் நடுவிலான காத்திருப்பு. பத்து நிமிடத்துக்கு ஒரு முறை வண்டி வரும் தடத்தில் எவரும் கால அட்டவணையைப் பார்ப்பதில்லை. நிலையத்துக்குப் போகிறார்கள், ஏறுகிறார்கள். மணிக்கு ஒரு வண்டி என்றால் நாளையே அதைச் சுற்றி வகுத்துக்கொள்ள வேண்டும். மாலையில் நூலகத்தில் அரைமணி கூடுதலாக உட்கார்வதும் உட்காராததும் வண்டியின் விருப்பம். கடைசி வண்டி எட்டு மணிக்கு முடிந்துவிடும் தடமோ, விடுதியில் இடம் கிடைக்காத மாணவனுக்குப் பகுதிநேர வேலை, சொற்பொழிவு, நாடகம், நண்பர் வீடு ஆகிய அனைத்தையும் ஒரே அடியாக மறுத்துவிடுகிறது. ஒரு புறநகரின் கலகலப்பை அளக்க விரும்பும் ஆய்வாளர் காலை ஒன்பது மணிக்கு அங்கே செல்லக் கூடாது. இரவு ஒன்பது மணிக்குச் செல்ல வேண்டும்.

பல்கலைக்கழகங்களே இரயிலை விரும்பாத காலமும் உலகில் இருந்தது. இங்கிலாந்தின் கேம்பிரிட்ஜுக்கு 1845-இல் இரயில் வந்தபோது, மாணவர்கள் எளிதாக இலண்டனுக்குச் சென்று கெட்டுப்போவார்கள் என்று அஞ்சிய பல்கலைக்கழகத்தார், அவர்களைப் பயணம் செய்யவிடாமல் தடுக்கும் அதிகாரத்தைச் சட்டத்திலேயே பெற்றுக்கொண்டனர். நிலையமும் நகர நடுவிலிருந்து ஏறத்தாழ ஒரு மைல் தள்ளியே அமைந்தது. அந்த அச்சம் இன்று நகைப்புக்குரியதாகத் தெரியலாம். ஆயினும் தமிழ்நாட்டில் மகளிர் விடுதிகளின் வாயில் இருட்டுவதற்கு முன்பே சாத்தப்படும் வழக்கத்தில் அதே அச்சம் வேறு உடையில் தொடர்கிறது என்பதை மறைக்க வேண்டியதில்லை. இரவு ஒன்பதரை வரை பேருந்து ஓடும் ஊரிலும், ஆறு மணிக்கு விடுதி திரும்ப வேண்டிய பெண்ணுக்கு அப்பேருந்து ஓடாததற்குச் சமம்.

வளாகத்தைத் தடத்தின் கடைசியில் வைத்தால் என்ன ஆகும் என்பதை மதுரை காட்டுகிறது. மதுரைப் பல்கலைக்கழகம் 1966-இல் தோன்றியது. 1978 முதல் காமராசரின் பெயரைத் தாங்கியுள்ளது. நகரத்துக்கு மேற்கே தேனி சாலையில், நாகமலையை அடுத்த வறண்ட நிலத்தில் அமைந்த அதன் வளாகம் பல்கலை நகர் எனப்படுகிறது. பெயரில் நகர் இருந்தாலும் அது நகராகவில்லை. ஊழியர்களும் ஆசிரியர்களும் பெரும்பாலும் குடியேறியது நகரத்துக்கும் வளாகத்துக்கும் இடைப்பட்ட நாகமலை புதுக்கோட்டையில்; கடைத்தெரு, பள்ளி, வாடகை வீடு, உணவகம் எல்லாம் அங்கேதான் பெருகின. பேருந்துத் தடத்தில் வளாகம் கடைசியிலும் குடியிருப்பு நடுவிலும் அமைந்தால் மக்கள் நடுவையே தேர்வார்கள், ஏனெனில் அங்கே நிற்பவருக்கு இரு பக்கத்துப் பேருந்தும் கிடைக்கும். போடி செல்லும் இரயில் பாதை பல்கலைக்கழகத்துக்கு அருகேயுள்ள வடபழஞ்சி வழியாகவே சென்றபோதிலும், அகலப் பாதைப் பணிக்காகப் பல ஆண்டுகள் மூடப்பட்டிருந்து அண்மையில்தான் மீண்டும் முழுமையாகத் திறக்கப்பட்டது. ஒரு சில வண்டிகளே செல்லும் பாதை வளாகத்தின் அன்றாட வாழ்வை மாற்றுவது அரிது.

இராமநாதபுரம் கடற்கரைக்கு நேரடி உறவுடைய பல்கலைக்கழகப் புறநகர் காரைக்குடி. சிவகங்கை, இராமநாதபுரம் ஆகிய இரு மாவட்டங்களின் கல்லூரிகள் இணைவு பெற்றிருப்பது அங்குள்ள அழகப்பா பல்கலைக்கழகத்தோடு. கோட்டையூரில் பிறந்த அழகப்பச் செட்டியார் 1947-இல் ஒரு கலைக் கல்லூரியைக் காந்தி மாளிகை என்னும் கட்டடத்தில் தொடங்கினார். அடுத்த ஆண்டே, மத்திய அரசு நிறுவவிருந்த தேசிய ஆய்வகங்களுள் ஒன்றைக் காரைக்குடிக்குக் கொண்டுவருவதற்காக 300 ஏக்கர் நிலமும் 15 இலட்சம் ரூபாயும் அளித்தார். 1948 ஜூலையில் சவகர்லால் நேரு அடிக்கல் நாட்ட, 1953 ஜனவரியில் மத்திய மின்வேதியியல் ஆய்வு நிறுவனம் திறக்கப்பட்டது. மின்வேதியியல் என்பது மின்னோட்டத்துக்கும் வேதிமாற்றத்துக்கும் இடையிலான உறவை ஆராயும் துறை. உலோகத்துக்கு முலாம் பூசுதல், துருப்பிடித்தலைத் தடுத்தல், மின்கலம் செய்தல் எல்லாம் அதில் அடங்கும். ஊரார் அந்நிறுவனத்தைச் ‘சிக்ரி’ என்றே அழைப்பர். பொறியியல் கல்லூரி 1952-இல் வந்தது. இவையெல்லாம் முன்பே இருந்த மண்ணில் பல்கலைக்கழகம் 1985-இல் பிறந்தது. பல்கலைக்கழகம் தோன்றுவதற்கு ஒரு தலைமுறைக்கு முன்பே பல்கலைக்கழகப் புறநகர் தோன்றிவிட்ட விந்தை இது.

காரைக்குடியின் நன்மை, அங்கே நிறுவனங்கள் பல என்பதே. கலைக் கல்லூரி, பொறியியல் கல்லூரி, தேசிய ஆய்வகம், பல்கலைக்கழகம் ஆகிய நான்கும் வெவ்வேறு நிர்வாகங்களின் கீழ், வெவ்வேறு விடுமுறைக் காலங்களோடு இயங்குவதால், ஒன்று மூடியிருக்கும்போது மற்றொன்று திறந்திருக்கும். கல்லூரிச் சாலையின் மெஸ்ஸும் ஜெராக்ஸ் கடையும் தேநீர்க்கடையும் கோடையிலும் முழுமையாகப் படுத்துவிடுவதில்லை. மெஸ் என்பது மாத முன்பணம் பெற்று மூன்று வேளை சாப்பாடு போடும் சிறு உணவகம். பல்கலைக்கழகப் புறநகரின் உண்மையான பொது அவை அதுவே எனலாம். அண்ணாமலைநகர் ஒரே கொம்பைப் பற்றிய கொடி என்றால் காரைக்குடிக்குப் பந்தல் உண்டு. மேலும், வணிகத்துக்காகக் கடல் கடந்து சென்ற நகரத்தார் விட்டுச்சென்ற பழைய வீதிகளும் கடைத்தெருவும் கொண்ட நகரம் அது. புதிதாக வருபவர் குடியேறத் தயாரான தெருக்கள் முன்பே இருந்தன. இரயில் சந்திப்பாகத் திருச்சி, மானாமதுரை, திருவாரூர் ஆகிய மூன்று பக்கமும் பாதை பிரிகிறது. பட்டுக்கோட்டை வழியாகத் திருவாரூர் செல்லும் பாதை அகலப் பாதையாகி 2019-இல் முழுமையாகத் திறக்கப்பட்டது. 2024-இல் காரைக்குடி மாநகராட்சியாகவும் தரம் உயர்ந்தது.

மாரியூர்க் கரையிலிருந்து பார்த்தால் இந்த இணைப்புகள் வேறு முகம் காட்டுகின்றன. காரைக்குடி நூறு கிலோமீட்டருக்கும் கூடுதலான தொலைவில் உள்ளது. கிழக்குக் கடற்கரைச் சாலையில் அமைந்த சாயல்குடிக்கு முதலில் வர வேண்டும். அங்கிருந்து கீழக்கரை வழியாக இராமநாதபுரம். பிறகு திருவாடானை, தேவகோட்டை வழியாகப் பேருந்திலோ, பரமக்குடி, மானாமதுரை, சிவகங்கை வழியாகச் சுற்றிச் செல்லும் இரயிலிலோ காரைக்குடி. வரைபடத்தில் இது நல்ல இணைப்பே; ஒவ்வொரு துண்டிலும் பேருந்து உண்டு. ஆனால் இரண்டு இடங்களில் மாறிச் செல்லும் பயணத்தில் ஓரிடத்தில் வண்டி தவறினாலும் நாள் முழுவதும் தவறும். எனவே தினமும் சென்று திரும்புதல் இயலாது, அங்கேயே தங்குதலே வழி. கரையோரமாகக் காரைக்குடியையும் தூத்துக்குடியையும் இணைக்கும் இரயில் பாதை பற்றிய பேச்சு நெடுங்காலமாக உண்டு. தண்டவாளம் இன்னும் வரவில்லை.

தங்குதல் என்னும் சொல்லுக்குள் பல படிகள் உள்ளன. பல்கலைக்கழக விடுதி ஒன்று. ஆதிதிராவிடர் நலத்துறை, பிற்படுத்தப்பட்டோர் நலத்துறை ஆகியவை நடத்தும் அரசு விடுதி மற்றொன்று. நான்கைந்து பேர் சேர்ந்து அட்வான்ஸ் கொடுத்து எடுக்கும் வாடகை அறை மூன்றாவது. அறை தேடும் மாணவனிடம் வீட்டுக்காரர் கேட்கும் கேள்விகள் தமிழ்நாடு முழுவதும் ஏறத்தாழ ஒன்றே: எந்த ஊர், அப்பா என்ன செய்கிறார், அசைவம் சமைப்பீர்களா. கடற்கரைப் பிள்ளைக்கு இம்மூன்றாம் கேள்வி கருவாட்டு வாசத்தைப் பற்றியது. முதலிரண்டும், பல வேளைகளில், சாதியையும் மதத்தையும் நாகரிகமாக விசாரிக்கும் வழி. விடை பிடிக்காதபோது வீடு வேறு யாருக்கோ பேசி முடித்தாயிற்று என்று சொல்லப்படும். புறநகரின் கலகலப்பு எல்லோருக்கும் ஒரே விலையில் கிடைப்பதில்லை. வீட்டுக்காரரின் தரப்பிலும் நியாயமுண்டு: வாடகை அவருடைய ஓய்வூதியம், மாணவர்கள் ஆண்டுதோறும் மாறுவோர், தண்ணீருக்கும் மின்சாரத்துக்கும் சண்டை வருவது இயல்பு. ஆனால் அந்த நியாயம் மேற்கண்ட விசாரணையை நியாயப்படுத்தாது. அரசு விடுதிகளின் இடங்கள் பெருகினால்தான் அறை தேடும் மாணவனின் பேரம்பேசும் வலிமை பெருகும். மற்றவையெல்லாம் நன்னெறி உரை.

இதுவரை சொல்லப்பட்டவற்றுக்கு நேர் எதிரான சான்று ஒன்று பாக் நீரிணைக்கு அப்பால் உள்ளது. யாழ்ப்பாண நகரத்தை அடுத்து, ஊரார் தின்னவேலி என்று அழைக்கும் திருநெல்வேலியில், சேர் பொன்னம்பலம் இராமநாதன் நிறுவிய பரமேஸ்வராக் கல்லூரியின் வளாகத்தில் 1974-இல் இலங்கைப் பல்கலைக்கழகத்தின் யாழ்ப்பாண வளாகம் தொடங்கப்பட்டது, பேராசிரியர் க. கைலாசபதி அதன் முதல் தலைவர். 1979-இல் அது தனிப் பல்கலைக்கழகமாயிற்று. 1990-இல் போரினால் வடபகுதி இரயில் பாதை அற்றுப்போனது. எரிபொருள் தடையால் வாகனங்கள் மண்ணெண்ணெயில் ஓடின, ஊரே மிதிவண்டியில் ஓடியது. 1995 இறுதியில் வலிகாமத்து மக்கள் பெருந்தொகையாக இடம்பெயர்ந்தபோது பல்கலைக்கழகமும் அவர்களோடு சிதறியது. போக்குவரத்தே இல்லாத அக்காலத்திலும் இடப்பெயர்வுக்கு முன்னும் பின்னும் திருநெல்வேலி உயிருள்ள பல்கலைக்கழக ஊராகவே விளங்கிற்று. காரணம், அது பல்கலைக்கழகத்துக்காகக் கட்டப்பட்ட இடமன்று. சந்தையும் தோட்டமும் கோயிலும் நெருங்கிய வீடுகளும் கொண்ட பழைய கிராமத்தின் நடுவே பல்கலைக்கழகம் வந்து உட்கார்ந்தது. மாணவர்கள் வீடுகளில் அறை எடுத்துத் தங்கினர், சந்தையில் காய்கறி வாங்கினர், மிதிவண்டியில் பத்து நிமிடத்தில் வகுப்புக்குச் சென்றனர். இரயில் யாழ்ப்பாணத்துக்கு மீண்டும் வந்தது 2014-இல். காங்கேசன்துறை வரை நீண்டது 2015-இல். கொக்குவில், கோண்டாவில் நிலையங்கள் திறந்தது வெளியூர் மாணவர்களுக்குப் பேருதவி. ஊருக்கு உயிர் தந்தது அதுவன்று, உயிர் முன்பே இருந்தது. ஆகவே நல்ல பாதையும் அடர்ந்த குடியிருப்பும் ஒன்றுக்கொன்று ஓரளவு ஈடுசெய்ய வல்லவை. இரண்டும் இல்லாத இடத்தில் மட்டும் எதுவும் முளைப்பதில்லை.

இராமநாதபுரம் கடற்கரையில் கல்வியோடு கூடிய குடியிருப்புக்கு ஒரு வாய்ப்பு ஏற்கெனவே வந்து சென்றது. 1947-இல் தொடங்கப்பட்ட மத்திய கடல் மீன்வள ஆய்வு நிறுவனம் மண்டபத்தைத் தலைமையிடமாகக் கொண்டிருந்தது. இரு கடல்களுக்கு நடுவே, இரயில் நிலையத்தோடு அமைந்த மண்டபம் முகாமில் நாட்டின் பல பகுதிகளிலிருந்து வந்த அறிவியலாளர்கள் குடும்பத்தோடு வாழ்ந்தனர். 1971-இல் தலைமையிடம் கொச்சிக்குச் சென்றது. மண்டபம் மண்டல மையமாகச் சுருங்கிற்று. தனுஷ்கோடி 1964 டிசம்பர்ப் புயலில் அழிந்து இலங்கைக்கான தொடர்வழி முறிந்த பிறகு, இரயில் தடத்தின் இறுதிமுனையில் ஒரு தேசிய நிறுவனத்தின் தலைமையை வைத்திருப்பது கடினமாகியிருக்கலாம். தடத்தின் கடைசியில் இருக்கும் ஊர்களின் நிலை எளிதில் முறியக்கூடியது என்பதை அண்மைக்காலமும் காட்டியது: பழைய பாம்பன் பாலத்தில் 2022 டிசம்பரில் இரயில் நிறுத்தப்பட்டு, புதிய பாலம் 2025 ஏப்ரலில் திறக்கப்படும் வரை இராமேசுவரம் தீவின் மாணவர்கள் மண்டபத்துக்கோ இராமநாதபுரத்துக்கோ பேருந்தில் வந்துதான் இரயில் ஏற முடிந்தது.

இன்று இக்கரையில் உள்ளவை சிதறிய துண்டுகள். அழகப்பா பல்கலைக்கழகத்தின் கடலியல் துறை தொண்டியில் தனி வளாகத்தோடு இயங்குகிறது; கடலைக் கற்பிக்கக் கடற்கரையைத் தேர்ந்தது நல்ல முடிவு. கீழக்கரையில் 1984 முதல் ஒரு பொறியியல் கல்லூரியும் 1988 முதல் ஒரு மகளிர் கல்லூரியும் உள்ளன; வணிகத்தால் வளர்ந்த அவ்வூர், கடைத்தெருவும் நெடுஞ்சாலையும் நெருங்கிய வீடுகளும் ஒருங்கே கொண்டிருப்பதால், பல்கலைக்கழகப் புறநகராக வளரக்கூடிய இடம் இக்கரையில் எது என்று கேட்டால் முதலில் சுட்டத்தக்கது. இராமநாதபுரத்தில் சேதுபதி அரசு கலைக் கல்லூரி உண்டு. கடலாடியிலும் முதுகுளத்தூரிலும் அரசுக் கல்லூரிகள் வந்துள்ளன. மாரியூர்ப் பிள்ளைகள் வீட்டிலிருந்தே சென்று படிக்கக்கூடியது கடலாடிக் கல்லூரி. இத்தகைய கல்லூரிகளைப் புறநகராக்க எவராலும் இயலாது, அது தேவையும் இல்லை. தேவை, அவற்றைச் சுற்றியுள்ள கிராமங்கள் அனைத்தும் சேர்ந்து ஒரு புறநகரின் வேலையைச் செய்யும்படி பேருந்தை ஓட்டுவது.

அதற்கான கருவிகள் தமிழ்நாட்டில் முன்பே உள்ளன. மாணவர்களுக்கு இலவசப் பயண அட்டை உண்டு. 2021 மே முதல் நகரப் பேருந்துகளில் மகளிருக்குக் கட்டணமில்லை. அரசுப் பள்ளியில் படித்து உயர்கல்விக்குச் செல்லும் பெண்களுக்கு மாதம் 1000 ரூபாய் வழங்கும் புதுமைப்பெண் திட்டம் 2022-இல் வந்தது. பெரிய பேருந்து செல்லாத ஊர்களுக்கு மினிபஸ் விடும் திட்டமும் 1997 முதல் பல வடிவங்களில் நடைமுறையில் உள்ளது. கட்டணம் என்னும் தடை பெரும்பாலும் நீங்கிவிட்டது. நேரம் என்னும் தடை நீங்கவில்லை. இலவசப் பயணம் வராத பேருந்தில் செல்லாது. பல அரசுக் கலைக் கல்லூரிகளில் காலை, பிற்பகல் என இரு சுழற்சிகளில் வகுப்பு நடப்பதால், காலைச் சுழற்சிக்கு வர வேண்டிய மாணவிக்கு விடியற்பேருந்தும், பிற்பகல் சுழற்சி முடிந்து செல்பவருக்கு இருட்டிய பின் ஒரு பேருந்தும் வேண்டும். இரவில் கிராமத்திலேயே தங்கி விடியலில் புறப்படும் பேருந்து இவ்விரண்டையும் ஒரே வண்டியால் நிறைவேற்றக்கூடியது. அதே வண்டியில் உப்பளத்துக்குச் செல்வோரும் மீன் கூடையோடு சந்தைக்குச் செல்வோரும் ஏறுவர் என்பதால் அது மாணவருக்கு மட்டுமான செலவாகவும் ஆகாது.

கல்லூரியின் பாடவேளையை ஓர் அலுவலகமும் பேருந்தின் நேரத்தை வேறோர் அலுவலகமும் வகுக்கின்றன. இரண்டும் ஒன்றையொன்று கேட்பதில்லை. கல்வியாண்டு தொடங்கும் ஜூன் மாதத்தில் கல்லூரி முதல்வர்களையும் போக்குவரத்துக் கழகத்தின் கிளை மேலாளர்களையும் மாவட்ட ஆட்சியர் ஒரே மேசையில் அமர்த்தி இரு அட்டவணைகளையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்க்கச் செய்யலாம். அந்தக் கூட்டத்துக்கு நிலமும் சட்டமும் வேண்டியதில்லை. அதில் முதலில் எடுத்துக்கொள்ளத்தக்கது கடலாடியிலிருந்து சாயல்குடி வழியாகத் தெற்கே கரையோர ஊர்களுக்குச் செல்லும் மாலைப் பேருந்துகளின் நேரம். இரண்டாவது, கீழக்கரையிலும் இராமநாதபுரத்திலும் கரையோர மாணவியருக்கான அரசு விடுதி இடங்களின் எண்ணிக்கை.